லாக்ரிமோஸ் என்று எழுதிய கடிதம்

ஆறு வருடமாக ஒரு ஆங்கிலச் சொல் என் மனத்தில் முள்ளாகக் கிடக்கிறது. லாக்ரிமோஸ். கண்ணீர் நிறைந்த, அழுகிற நிலையில் இருக்கிற என்று பொருள். அந்தச் சொல்லை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு துக்கக் கடிதத்தில்.

அப்போது சொற்கள் சேர்ப்பதில் எனக்குப் பெரிய வெறி இருந்தது. தினமும் காலையில் ஐந்து புதிய ஆங்கிலச் சொற்கள் என்று கணக்கு. நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்தேன்: சொல், பொருள், அதே பொருள் தரும் வேறு சொல். பெர்ஸ்பிகேஷஸ், லொக்வேஷஸ், பல்க்ரிட்யூட், இஃபெமரல் என்று பக்கம் பக்கமாக நிரம்பிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒரு தோழியின் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. தோழிக்கு ஆங்கிலம் தாய்மொழி. மூன்று வருடம் ஒரே வேலையில் சேர்ந்திருந்தோம், அப்புறம் பிரிந்தும் மின்னஞ்சலில் விடாமல் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் இவள் சொல்லிச் சொல்லி, அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தை எழுத மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ அழுதுகொண்டே இருப்பாய் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று வருந்துகிறேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் கண்ணீர் ததும்பும் என்பதற்கு டியர்ஃபுல் என்று எழுதியதும் அது ஏதோ பள்ளிப்பிள்ளை எழுதியது போல எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய துக்கத்துக்கு இவ்வளவு சின்னச் சொல்லா? நோட்டைப் புரட்டினேன். டியர்ஃபுல் என்பதற்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது, லாக்ரிமோஸ். சொல்லின் ஓசையே கனமாக, மரியாதையாக இருந்தது. உன்னுடைய லாக்ரிமோஸ் மனநிலை எனக்குப் புரிகிறது என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. கடிதத்துக்கு நன்றி, அம்மாவைப் பற்றி இவ்வளவு நினைவு வைத்திருக்கிறாயே என்று ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் கடைசி வரி: "அந்த ஒரு வார்த்தையை மட்டும் இரண்டு தடவை படித்தேன். நான் கொஞ்சம் அதிகமாகவே அழுகிறேன் என்று நினைக்கிறாயா?"

## அகராதியின் பாதி வரி

உடனே அகராதியைத் திறந்தேன். நான் குறித்துக்கொண்ட பொருளில் தவறே இல்லை. லத்தீனில் லாக்ரிமா என்றால் கண்ணீர், அதிலிருந்து வந்த சொல். கண் மருத்துவர்கள் கண்ணீர்ச் சுரப்பியை இன்றைக்கும் லாக்ரிமல் என்றுதான் சொல்கிறார்கள், அதில் யாரும் புண்படுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அகராதியில் கண்ணீர் நிறைந்த என்பதற்கு அடுத்ததாக இன்னொரு விளக்கமும் இருந்தது: எளிதில் அழக்கூடிய. அதை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று ஓடும்போது முதல் விளக்கத்தோடு நின்றுவிடுவேன்.

பிறகு அந்தச் சொல் வருகிற வாக்கியங்களைத் தேடித் தேடிப் படித்தேன். தொட்டதற்கெல்லாம் அழுகிற கதாபாத்திரம், பார்ப்பவரை அழவைத்தே தீர்வது என்று எடுத்த படம், குடித்துவிட்டுப் புலம்புகிற ஆள். பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருந்தது. சொல்கிறவர் அந்தக் கண்ணீரைக் கொஞ்சம் தள்ளி நின்று, லேசான சலிப்போடு பார்க்கிறார். அம்மாவை இழந்த ஒருத்திக்கு நான் அனுப்பியது அந்தச் சலிப்பைத்தான்.

இதைத் தமிழில் யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே உறைத்தது. ஒருவர் தமிழ் கற்றுக்கொள்கிறார், நம் மேல் நிறைய அன்பு வைத்திருக்கிறார். நம் வீட்டில் ஒரு துக்கம். அவர் ஒரு சொற்பட்டியலில் அழுகிறவர் என்பதற்கு நேராக அழுமூஞ்சி என்று இருப்பதைப் பார்த்து, நீங்கள் இப்போது அழுமூஞ்சியாக இருப்பீர்கள் என்று எழுதி அனுப்புகிறார். அவர் மேல் நமக்குக் கோபம் வராது. ஆனால் அந்தச் சொல்லைப் படித்த அந்த நொடியில் நெஞ்சில் ஒன்று சுருக்கென்று தைக்குமே, அதை அவர் விளக்கம் சொல்லித் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. இறந்தார், காலமானார், தவறிவிட்டார், இயற்கை எய்தினார், செத்துப்போனார், மண்டையைப் போட்டார். பட்டியலில் இவை எல்லாம் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதை யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஒரு பத்து வயதுக் குழந்தைக்குக்கூட இந்த ஆறில் எதைப் பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூடாது என்று தெரியும். இதே அறிவு ஆங்கிலத்துக்கும் வேண்டும் என்று எனக்கு ஏன் அதுவரை தோன்றவே இல்லை என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

ஒரே பொருள் தரும் சொற்களைத் திரட்டி வைக்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. நம் நிகண்டுகள் அதைத்தான் செய்தன, மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளாகவே பாடிவைத்தார்கள். ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸ் இந்த வகையில் பெயர்பெற்றது. தெசாரஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கருவூலம் என்று பொருள். ரோஜெட்டின் நோக்கம் என்னவென்று படித்தபோது என் தவறு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மனத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது, அதற்குப் பொருந்தும் சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் புத்தகம். பட்டியலில் இருக்கிற இருபது சொல்லும் ஏற்கெனவே பழக்கமானவருக்கு அது பெரிய உதவி. நானோ முன்பின் தெரியாத ஒரு சொல்லை அந்தக் கருவூலத்திலிருந்து எடுத்து, நேராக ஒரு துக்க வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இந்த வரிசைகள் இவ்வளவு நீளமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், பல தலைமுறைகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் இருந்தது. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலம். அதற்கு மேல் படித்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த லத்தீன். இப்படி ஒரே செயலுக்கு மூன்று அடுக்கு வந்துவிட்டது. ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட், மூன்றுமே கேட்பதுதான். ஆனால் முதல் சொல்லில் ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்கலாம், மூன்றாவதில் காவல் அதிகாரி மட்டும்தான் கேட்க முடியும். தண்ணி, நீர், ஜலம் என்று நாம் சொல்லும்போதும் சொல்கிறவர் யார் என்பது சேர்ந்தே காதில் விழுகிறது அல்லவா, அதுபோலத்தான். சோகத்தின் உச்சியில் இருக்கிறவர்கள் எல்லா மொழியிலும் கீழ் அடுக்குக்குத்தான் வருகிறார்கள். டியர் (கண்ணீர்), க்ரீஃப் (துக்கம்), மதர், ஹோம். இதில் க்ரீஃப் மட்டும் பிரெஞ்சு வழியாக வந்தது, ஆனால் அது வந்து எழுநூறு வருடத்துக்கு மேலாகிவிட்டதால் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. நான் மெனக்கெட்டு மேல் அடுக்கிலிருந்து ஒரு சொல்லை இறக்கினேன்.

## அப்படியானால் சின்னச் சொல்லே போதுமா?

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற பதில் இதுதான்: "அதனால்தான் சொல்கிறேன், எளிமையாக எழுது, பெரிய வார்த்தை எதுவுமே வேண்டாம்." இதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியல் ஆய்வாளர், ஒரே கட்டுரையின் எளிய வடிவத்தையும், வேண்டுமென்றே நீண்ட சொற்களால் நிரப்பிய வடிவத்தையும் வாசகர்களிடம் கொடுத்துப் பார்த்தார். நீண்ட சொற்களால் எழுதியவரைத்தான் வாசகர்கள் அறிவு குறைந்தவராக மதிப்பிட்டார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, இலக்கியப் பிரிவில் 2006-ல் அந்த ஆய்வுக்குக் கிடைத்தது. ஆய்வை நான் முழுமையாக நம்புகிறேன், என் அனுபவமும் அதுதான். ஆனால் அதிலிருந்து அபூர்வமான சொற்களைக் கற்கவே வேண்டாம் என்ற முடிவுக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆய்வில் நீண்ட சொற்கள் சின்னச் சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. புதிதாக எதையும் சொல்ல அவை வரவில்லை. லாக்ரிமோஸ் என்று எழுதியபோது நானும் அதே வேலையைத்தான் செய்தேன். டியர்ஃபுல் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் அதைத் தள்ளிவிட்டு இதை உட்கார வைத்தேன்.

இந்தச் சண்டையும் பழையதுதான். 16-ம் நூற்றாண்டில் லத்தீன் சொற்களை அள்ளி அள்ளி ஆங்கிலத்தில் கொட்டியவர்களை, மைக்கூட்டுச் சொற்காரர்கள் என்று எதிர்ப்பாளர்கள் திட்டினார்கள். தாமஸ் வில்சன் என்பவர் 1553-ல் வெளியிட்ட பேச்சுக்கலை நூலில், அப்படிப்பட்ட சொற்களாலேயே ஒரு கடிதத்தைக் கோத்து, பாருங்கள் இது எவ்வளவு அபத்தம் என்று காட்டினார். அந்தக் கடிதத்தில் இன்ஜென்ட், மேக்னிஃபிகல் என்றெல்லாம் வருகிறது, அவை இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதே கடிதத்தில் செலிப்ரேட், கெபாசிட்டி, டெக்ஸ்டெரிட்டி, மண்டேன் ஆகிய சொற்களும் வருகின்றன. இன்று செலிப்ரேட் தெரியாத குழந்தை உண்டா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்தக் காலத்துக் காதில் அது அப்படித்தான் விழுந்திருக்கும். எந்தச் சொல் வெறும் ஆடம்பரம், எந்தச் சொல் தேவை என்பதை முன்கூட்டியே யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. சொல் புதியதா பழையதா, நீளமா குட்டையா என்று பார்த்துப் பயனில்லை, அது எனக்கு எதைச் செய்து தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்கு மெதுவாக வந்து சேர்ந்தேன்.

அந்த வருடம் முழுக்க நோட்டைத் தொடவில்லை. மறுபடி திறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். எழுநூறுக்கும் மேற்பட்ட சொற்கள், அதில் பாதிக்கு மேல் எனக்கு நினைவே இல்லை. இது என் நினைவாற்றலின் குறை மட்டுமில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-ல், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. வாக்கியம் இல்லாமல், ஆள் இல்லாமல், சந்தர்ப்பம் இல்லாமல் வரிசையாக எழுதிவைத்த சொற்கள் என் மனத்துக்குக் கிட்டத்தட்ட அந்தப் பொருளற்ற அசைகள்தான். பல்க்ரிட்யூட் என்றால் அழகு. ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு யாராவது யாரையாவது மனமார அழகு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, பெரும்பாலும் விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். இது நோட்டில் எங்கே இருந்தது?

## எந்தச் சொற்கள், எப்படி

இன்னொன்றும் உறுத்தியது. எழுநூறு அபூர்வச் சொற்களைச் சேர்த்தவனுக்கு டென்டேட்டிவ் என்பதையும் ரிலக்டன்ட் என்பதையும் பிரித்துச் சரியாக எழுத வரவில்லை. முதலாவது இன்னும் உறுதியாகாத, மாறக்கூடிய என்கிற தயக்கம். இரண்டாவது செய்ய மனமில்லாத தயக்கம். எங்கள் சந்திப்புத் தேதி டென்டேட்டிவ் என்றால் மாறலாம் என்று பொருள், நான் வர ரிலக்டன்ட் என்றால் வரவே பிடிக்கவில்லை என்று பொருள். சொற்பட்டியல் போடுகிறவர்கள் இந்த நடுத்தரச் சொற்களை எட்டிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அவற்றில் பகட்டு இல்லை. சொற்கல்வியில் பெயர்பெற்ற பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார்: நாவலையும் செய்தித்தாளையும் அடுத்தவர் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்து ஒரு குடும்பம். அந்த ஒன்பதாயிரத்தில் பல்க்ரிட்யூட்டுக்கு இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் டென்டேட்டிவ், ரிலக்டன்ட், நுட்பமான என்று பொருள்படும் சட்டில் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. என் அஸ்திவாரத்தில் ஓட்டை இருந்தது, நான் கோபுரத்துக்குக் கலசம் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, வழிமுறையை மாற்றினேன். தினம் ஐந்து என்ற கணக்கை விட்டேன். ஒரு சொல்லை வேறு வேறு இடங்களில் மூன்று முறை நானாகப் படித்தபோது சந்தித்தால் மட்டுமே நோட்டில் இடம். மூன்றாவது கட்டத்தை, அதாவது அதே பொருள் தரும் வேறு சொல் என்பதை, அடித்துவிட்டேன். அந்த இடத்தில் சொல் வந்த முழு வாக்கியம், யார் யாரிடம் சொன்னது, சொன்னவர் அப்போது கோபத்தில் இருந்தாரா அன்பில் இருந்தாரா. ஜே.ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1957-ல் சொன்னது புகழ்பெற்றது: ஒரு சொல்லை அதனோடு சேர்ந்து வருகிறவர்களை வைத்துத்தான் அறிய வேண்டும். ஆளை அவன் சேர்க்கையை வைத்துத் தெரிந்துகொள் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது சொல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது. இப்போது வாரத்துக்கு இரண்டு சொல் சேர்ந்தால் அதிகம். ஆனால் சேர்ந்தது போகவில்லை.

இப்படிச் சேர்ந்தவற்றில் சில எனக்குக் கொடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். டிஸ்இன்ட்ரெஸ்டட் என்றால் ஆர்வமில்லாத என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். நிறைய ஆங்கிலக்காரர்களும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் அதைத் தனக்கு அதில் லாபமோ நட்டமோ இல்லாத என்ற பொருளுக்கே வைத்துக்கொள்கிறார்கள். நல்ல நடுவர் அப்படி இருக்க வேண்டும், ஆட்டத்தில் முழு ஆர்வம், முடிவில் தனக்கென்று எதுவும் இல்லாமல். இது தெரிந்தபின் எனக்கு அறிவுரை சொல்கிற மனிதர்களை நான் பார்க்கிற பார்வையே கொஞ்சம் மாறிவிட்டது. வைக்கேரியஸ் இன்னொன்று. தான் நேரில் வாழாத ஒன்றை வேறொருவர் வழியாக அனுபவிப்பது. பதிலாள் என்ற பொருள் தரும் லத்தீன் வேர், தேவாலயப் போதகரைக் குறிக்கும் விகார் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. பிள்ளை பரிசு வாங்கும்போது அப்பாவின் முகத்தில் தெரியும் அந்த வெளிச்சம், மற்றவர்களின் பயணக் குறிப்புகளைப் படித்தே ஊர் சுற்றிவிட்ட நிறைவு, இதற்கெல்லாம் ஒரே சொல் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தச் சொல் வேறு எதன் இடத்தையும் பிடிக்கவில்லை. காலியாக இருந்த ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது.

எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. பெட்ரிகோர் என்ற சொல்லைக் கண்டபோது துள்ளிக் குதித்தேன், காய்ந்த நிலத்தில் மழை விழும்போது எழும் மணம். கிரேக்கத்தில் கல்லுக்கான சொல்லையும், தேவர்களின் நரம்பில் ஓடும் திரவத்துக்கான சொல்லையும் சேர்த்து, இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-ல் உருவாக்கியது. அழகான சொல், அதில் சந்தேகமே இல்லை. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நின்றேன். மண்வாசனை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தானே! கையில் இருந்ததையே நான் வெளியே தேடியிருக்கிறேன். அதன்பின் ஒவ்வொரு புது ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எனக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறேன். இருந்தால் அது பழைய சிநேகிதனை வேறு சட்டையில் பார்ப்பது போல. இல்லாவிட்டால் அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கவனித்த எதையோ நான் பெயர் சொல்லாமல் கடந்து வந்திருக்கிறேன்.

## அவளுடைய வாக்கியம்

தோழிக்கு அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நோட்டில் இருந்த சொற்களை ஒன்றுகூடச் சேர்க்காமல், முதல் கடிதத்தில் சொல்ல நினைத்ததை மட்டும். நீ அழுவது நியாயம், எவ்வளவு அழுதாலும் நியாயம், உன் அம்மா நான் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துப்போன மனுஷி. அதற்கு அவள் ஒரு பெரிய பதில் எழுதினாள், அதில் அம்மாவின் கடைசி நாட்கள் முழுக்க இருந்தன. லாக்ரிமோஸ் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை.

போன வருடம் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அம்மா இருந்த வீட்டை விற்றாகிவிட்டது, சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன், அழுகை வரவில்லை, விஸ்ட்ஃபுல்லாக மட்டும் இருந்தது என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை நான் முன்பே இரண்டு இடத்தில் படித்திருந்தேன். ஏக்கம் என்று பொருள் எழுதி வைத்திருந்தால் தவறாகாது. ஆனால் ஏக்கத்தில் இன்னும் கை நீட்டுகிற தவிப்பு இருக்கிறது. இதில் கை நீட்டல் இல்லை. இனி வராது என்று தெரிந்து, அது தெரிந்ததோடு ஓரளவு சமாதானமும் ஆகி, அப்படியும் திரும்பிப் பார்க்கிற ஒரு பார்வை.

மூன்றாவது முறை வந்துவிட்டதால் நோட்டில் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் அவள் வாக்கியத்தை அப்படியே வைத்திருக்கிறேன், சாவி, வாசல், வராத அழுகை எல்லாவற்றோடும். அந்தச் சொல்லை நான் எங்கேயும் இன்னும் எழுதவில்லை.